மழை + இருட்டு + சைக்கிள்: கண்ணு தெரியணும்னா என்ன பண்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சோடாபுட்டி ஆளு, ரெண்டு கண்ணுலயும் நல்ல மைனஸ் பவர், வேலை முடிஞ்சு ராத்திரி சைக்கிள்லதான் வீட்டுக்கு வர்றேன், மழைன்னாலும் அதேதான். பல வருஷமா கண்ட கண்ட ஸ்ப்ரே, மஞ்சக் கண்ணாடி, அது இதுன்னு வாங்கிப் பார்த்து ஏமாந்தாச்சு. கூட ஓட்டுறவங்க கேட்டது, நானே என்கிட்ட கேட்டுகிட்டது எல்லாத்தையும் சேர்த்து இங்க போடறேன்.

பகல்ல மழையில கூட ஓரளவு தெரியுது. ராத்திரில கண்ணாடியில நாலு சொட்டு விழுந்தாலே எல்லாம் போயிடுதே, ஏன்?

கண்ணாடி மேல நிக்கிற ஒவ்வொரு சொட்டும் ஒரு குட்டி லென்ஸ். வர்ற வெளிச்சத்தை நேரா உள்ள விடாம நாலா பக்கமும் சிதறடிக்கும். பகல்ல எங்க பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்தான், அதனால சிதறினாலும் கொஞ்சம் மங்கலா தெரியும், அவ்ளோதான். ராத்திரில சுத்தி கும்மிருட்டு, நடுவுல ரெண்டே ரெண்டு ஹெட்லைட், அந்த வெளிச்சம் ஒவ்வொரு சொட்டுலயும் பட்டு நட்சத்திரம் நட்சத்திரமா விரிஞ்சு, இருட்டா இருக்கற ரோட்டு மேல ஒரு வெள்ளைத் திரையைப் போட்ட மாதிரி ஆகிடும், குழி அந்தத் திரைக்குப் பின்னாடி போயிடும்.

இதுல நம்ம கண்ணோட பங்கும் இருக்கு. பகல்ல கண்ணு பாப்பா 2, 3 மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும், இருட்டுல 6, 7 வரைக்கும் விரியும். வாசல் பெருசானா வேண்டாத வெளிச்சமும் உள்ள வரும், கண்ணுல இருக்கற சின்னச் சின்ன குறையெல்லாம் பெருசாத் தெரியும். அதான் பவர் கொஞ்சம் பழசாகிப்போன கண்ணாடி பகல்ல ஓகேவா இருந்து ராத்திரில காலை வாரும்.

அப்போ கண்ணாடியில தண்ணியே விழாம பண்ண முடியுமா?

முழுசா முடியாது. ஆனா முக்கால்வாசி குறைக்கலாம், அதுக்கு உருப்படியான சாமான் ரெண்டுதான், ரெண்டுமே கண்ணாடிக் கடையில விக்காது.

முதல்ல, முன்பக்கம் வளைஞ்ச மடல் இருக்கற மெல்லிசான துணித் தொப்பி, ஹெல்மெட்டுக்கு அடியில போடறது. பார்க்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா நான் வாங்கின அத்தனை ஸ்ப்ரேயையும் விட இதுதான் வேலை செஞ்சுது. தலையைக் கொஞ்சம் குனிஞ்சா மடல் மழையைத் தடுக்கும், எதிர்ல வர்றவன் ஹைபீம் போட்டா இன்னும் கொஞ்சம் குனிஞ்சா அதையும் மறைச்சிடும். தடிமனான தொப்பி மட்டும் வேண்டாம், ஹெல்மெட் தூக்கிகிட்டு நிக்கும், விழுந்தா பிரயோஜனப்படாது. தொப்பி போட்ட அப்புறம் ஹெல்மெட் வாரை மறுபடி சரி பண்ணிக்கோங்க.

ரெண்டாவது, முன் சக்கரத்து மட்கார்டு. ஆமா, மட்கார்டுதான். மேல இருந்து வர்ற மழை சுத்தமான தண்ணி, கீழ இருந்து டயர் வாரி இறைக்கிறது சேறும் எண்ணெயும் கலந்த தண்ணி. அது காய்ஞ்சா கண்ணாடியில படலமா நிக்கும், துடைச்சா இழுசும். ஸ்டைலா இருக்குன்னு மட்கார்டைக் கழட்டிட்டு ஓட்டுறவங்க கண்ணாடியைப் பார்த்தா தெரியும். நீளமான மட்கார்டு போட்டு அது நுனியில ஒரு ரப்பர் மடல் தொங்கவிட்டா இன்னும் நல்லது.

அப்புறம் வேகம். 2 மில்லிமீட்டர் சொட்டு ஒண்ணு நொடிக்கு சுமார் ஆறரை மீட்டர் வேகத்துல விழும். நீங்க 25 கிலோமீட்டர் வேகத்துல போனா அதுவும் நொடிக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர். ரெண்டும் சேர்ந்தா மழை உங்களுக்கு மேல இருந்து விழாது, 45 டிகிரி சாய்வுல மூஞ்சியில அடிக்கும். 15க்கு இறக்குனா அதே மழையோட சாய்வு குறைஞ்சு இன்னும் கொஞ்சம் மேல இருந்து விழற மாதிரி ஆகிடும், தொப்பி மடலுக்கும் வேலை செய்ய வாய்ப்பு கிடைக்கும். எதிர்காத்து அடிச்சா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அது வேற கதை.

மழைக்கோட்டு தொப்பியைத் தலையில போட்டுக்கலாமா?

வேண்டாம். நீங்க தலையைத் திருப்பினா அது கூட திரும்பாது, பின்னாடி என்ன வருதுன்னு பார்க்கப் போய் துணியைத்தான் பார்ப்பீங்க. காதையும் மூடிடும்.

மழை கூட பரவால்ல, சிக்னல்ல நின்னா கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சுடுதே?

ஓடும்போது காத்து உள்ள போய் வெளிய வருது, அதனால படியல. நின்ன உடனே காத்து நின்னுடுது, ஆனா நீங்க வேர்த்து விறுவிறுத்து சூடா இருக்கீங்க, மூச்சும் சூடு, கண்ணாடி மட்டும் மழையில நனைஞ்சு ஜில்லுன்னு இருக்கு. சூடான ஈரக்காத்து ஜில்லுன்னு இருக்கறது மேல பட்டா தண்ணியா மாறும், அவ்ளோதான் விஷயம். அதனால நிக்கும்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி விடுங்க, பின்னாடி காத்து புகும். கிளம்பி பத்து மிதி மிதிச்ச அப்புறம் மேல ஏத்திக்கலாம். மூக்கு வாயை மூடுற துணி கட்டிக்கிறவங்களுக்கு இது ரெண்டு மடங்கு, மூச்சுக்காத்து முழுக்க மேல கண்ணாடிக்குத்தான் போகும், மழையில அதை கழுத்துக்கு இறக்கிடறது நல்லது.

கழுத்து வரைக்கும் ஜிப் போட்டு மூடுன கோட்டும் ஒரு காரணம்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. உடம்புச் சூடு எல்லாம் காலர் வழியாதான் மேல வருது. ஒரு ரெண்டு இஞ்ச் ஜிப்பை இறக்கினா வித்தியாசம் தெரியுது, கொஞ்சம் நனையும், பரவால்ல.

சோப்பு தடவுனா ஆவி படியாதுங்கறாங்களே, நிஜமா?

நிஜம். ஆவி படியறதுன்னா கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான குட்டி சொட்டு. சோப்புப் படலம் அந்தத் தண்ணியை சொட்டா நிக்க விடாம தட்டையா பரப்பிடும், தட்டையான தண்ணி வழியா பார்க்கலாம். பாத்திரம் கழுவுற திரவ சோப்பு ஒரே ஒரு சொட்டு, ரெண்டு பக்கமும் விரலால தடவி, லேசா அலசி, உதறிட்டு தானா காய விடணும். துணியால அழுத்தித் துடைச்சா படலமே போயிடும். ஒரு பயணத்துக்கு வரும், பெருமழைன்னா வெளிப்பக்கம் அஞ்சு நிமிஷத்துல கழுவிட்டுப் போயிடும், உள்பக்கம்தான் தாங்கும். ஆவி படியறது பெரும்பாலும் உள்பக்கம்தானே, அதனால உள்பக்கம் மட்டும் போட்டா கூட போதும். நிறைய தடவிடாதீங்க, மழைத்தண்ணியோட கண்ணுக்குள்ள இறங்கினா அன்னைக்கு தெரியும்.

டூத்பேஸ்ட் கூடவே கூடாது. அதுல பல்லைத் தேய்க்கறதுக்குன்னே சன்னமான துகள் இருக்கு, பிளாஸ்டிக் லென்ஸ்ல கீறல் போட்டுடும், அந்தக் கீறல் ஒவ்வொண்ணும் ராத்திரில வெளிச்சத்தை இழுத்து விடும். அம்மோனியா கலந்த ஜன்னல் கண்ணாடி கிளீனரும் கோட்டிங்கை அரிச்சுடும்.

தண்ணி ஒட்டாத கோட்டிங் வாங்கலாமா? கார் கண்ணாடிக்கு அடிக்கிறது இருக்கே, அது?

புதுக் கண்ணாடி போடும்போது தண்ணி ஒட்டாத கோட்டிங் சேர்த்துப் போடுங்க, தாமரை இலைத் தண்ணி மாதிரி சொட்டு உருண்டு நிக்கும், ஒரு உதறு உதறினா நிறைய விழுந்துடும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், உருண்டு நிக்கற சொட்டு தானா ஓடாது, அதைத் தள்ள காத்து வேணும். காருக்கு அந்த வேகம் இருக்கு, நமக்கு இல்ல. அதனால சைக்கிள்காரனுக்கு இது பாதி பலன்தான். கார் கண்ணாடிக்குன்னு விக்கறது நிஜக் கண்ணாடிக்குச் செஞ்சது, நம்ம லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதுல அடிச்சு ஒரு ஜோடி லென்ஸை நான் பாழ் பண்ணியிருக்கேன்.

இதை விட முக்கியம் ஒண்ணு இருக்கு, வெளிச்சம் எதிரொளிக்காம இருக்கறதுக்கான கோட்டிங். சாதா பிளாஸ்டிக் லென்ஸ்ல ஒரு பக்கத்துக்கு சுமார் 4 சதவீதம் வெளிச்சம் பட்டுத் திரும்பும், ரெண்டு பக்கமும் சேர்த்து 8. நல்ல கோட்டிங் இருந்தா 99 சதவீதம் வரைக்கும் உள்ள வந்துடும். அதை விட, பின்னாடி வர்ற வண்டியோட லைட் லென்ஸோட உள்பக்கத்துல பட்டு உங்க கண்ணுல அடிக்குமே, அது அடங்கும்.

நனைஞ்சுட்டுது. எப்படித் துடைக்கறது?

முதல்ல உதறுங்க. சேறு தெறிச்சிருந்தா பாட்டில் தண்ணியை ஊத்தி அலசுங்க, மண்ணோட தேய்ச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி. அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. பிரச்சனை என்னன்னா அந்தத் துணி நனையாம இருக்கணும். ஜிப் வச்ச பிளாஸ்டிக் பையில ரெண்டு துணி போட்டு வச்சுக்கோங்க, ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு. பையோட அடியில வைக்காம மேலேயே வைங்க, மழையில பையைக் கவுத்துத் தேடிகிட்டு இருந்தா பைக்குள்ள இருக்கற மத்த எல்லாம் நனைஞ்சுடும்.

ஓட்டிகிட்டே கிளவுஸ் விரலால இழுக்கறது எல்லாரும் பண்றதுதான், நானும் பண்றேன், ஆனா ஈரக் கிளவுஸ் சொட்டை எடுக்காது, இழுசி விடும். ஒரு கை வழுக்கற ரோட்டுல ஹேண்டில்பாரை விட்டுடுதுங்கறதையும் மறக்க வேண்டாம்.

மஞ்சக் கண்ணாடி போட்டா ராத்திரி பளிச்சுனு தெரியுமாமே?

தெரியற மாதிரி இருக்கும், தெரியாது. நானும் ஏமாந்தேன். மஞ்ச லென்ஸ் நீல வெளிச்சத்தை வெட்டிடும், மனசுக்கு பளிச்சுனு தோணும், ஆனா மொத்தத்துல கண்ணுக்கு வர்ற வெளிச்சம் குறையுது, ஏற்கனவே இருக்கறதே கொஞ்சம். 2019ல ஜாமா ஆப்தல்மாலஜிங்கற கண் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துது, 22 பேரை டிரைவிங் சிமுலேட்டர்ல உக்கார வச்சு பார்த்தாங்க, எதிர் ஹெட்லைட் அடிக்கும்போது நடந்து போறவங்களைக் கண்டுபிடிக்க மஞ்சக் கண்ணாடி எந்த விதத்துலயும் உதவல.

போலரைஸ்டு கண்ணாடி இன்னும் மோசம், பாதி வெளிச்சத்துக்கு மேல தின்னுடும். வெயிலுக்குக் கறுக்கற லென்ஸ் ராத்திரில வெளுத்துடும், அது பரவால்ல, ஆனா குளிர்ல வெளுக்கறதுக்கு நேரம் எடுக்கும், பொழுது சாயற நேரத்துல திடீர்னு மேகம் கட்டி இருட்டினா கொஞ்ச நேரம் திண்டாட வேண்டியிருக்கும். ராத்திரிக்கு நிறமே இல்லாத வெள்ளை லென்ஸ், அவ்ளோதான்.

பேசாம கண்ணாடியைக் கழட்டிட்டு ஓட்டலாமா? கான்டாக்ட் லென்ஸ்?

பவர் இல்லாதவங்க, கண்ணைக் காப்பாத்தறதுக்கு மட்டும் வெள்ளைக் கண்ணாடி போடறவங்க, தூறல்ல மெதுவா போகும்போது கழட்டிக்கலாம், தொப்பி மடல் இருந்தா சமாளிக்கலாம். பெருமழைன்னா சொட்டு கண்ணுல அடிக்க அடிக்க இமை தானா மூடும், அது ஒரு வகைக் குருடு.

பவர் இருக்கறவங்க கழட்டக்கூடாது. மைனஸ் 1ன்னா ஒரு மீட்டருக்கு அப்பால எல்லாமே மங்கல், அதுக்கு மேல பவர் ஏறஏற இன்னும் கிட்ட. மங்கலான கண்ணாடி வழியா பார்க்கறது மேலா கழட்டறது மேலான்னு சண்டை போடறதுக்கு பதிலா ஓரமா நின்னு துடைங்க.

கான்டாக்ட் லென்ஸ் ராத்திரி மழைக்கு நல்லாவே வேலை செய்யும், முன்னாடி தண்ணி நிக்கற கண்ணாடி இல்ல, ஓரப்பார்வையும் முழுசா கிடைக்கும். ஆனா ரோட்டுத் தண்ணி கண்ணுல தெறிச்சா லென்ஸுக்கு அடியில அழுக்கோட கிருமியும் தங்கும், அகந்தமீபான்னு தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கற ஒரு உயிரி கருவிழியைப் பதம் பார்க்கும், லென்ஸ் போடறவங்களுக்குத்தான் அது அதிகம் வருது. வீடு போன உடனே கையைக் கழுவித் துடைச்சுட்டு லென்ஸைக் கழட்டிடுங்க, கண்ணு சிவந்து வலிச்சா தள்ளிப் போடாம காட்டுங்க.

என் லைட் நல்ல பவர்தான், ஆனா ரோடு நனைஞ்சா வெளிச்சமே காணாம போயிடுதே?

லைட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. காய்ஞ்ச தார் ரோடு சொரசொரப்பா இருக்கும், பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் தெறிக்கும், கொஞ்சம் உங்க கண்ணுக்கும் திரும்பி வரும், அதைத்தான் ரோடு தெரியுதுன்னு சொல்றோம். நனைஞ்சா மேல தண்ணிப் படலம், கண்ணாடி மாதிரி ஆகிடும், உங்க வெளிச்சம் அப்படியே முன்னாடி வழுக்கிகிட்டுப் போயிடும், திரும்பி வராது. எதிர்ல வர்றவன் வெளிச்சம் மட்டும் அதே கணக்குப்படி நேரா உங்க கண்ணுக்கு வந்து சேரும். ரெண்டு பக்கமும் நட்டம்.

பவரைக் கூட்டறது கொஞ்சம் உதவும், ஆனா அதை விட பீம் எங்க விழுதுங்கறதுதான் முக்கியம். டார்ச் மாதிரி வட்டமா அடிக்கற லைட்ல பாதி வெளிச்சம் வானத்துக்குப் போகுது, போற வழியில மழைச் சொட்டெல்லாம் மின்னி உங்க கண்ணையே கூச வைக்கும், எதிர்ல வர்றவனுக்கும் கூசும். மேல் விளிம்பு வெட்டுன மாதிரி இருக்கற பீம் வாங்குங்க, ஜெர்மனி விதிப்படி செஞ்ச லைட் எல்லாம் அப்படித்தான் இருக்கும். சரி பண்றதுக்கு ஒரு சுலபமான வழி: சுவருக்கு 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, லைட் இருக்கற உயரத்துல பாதியில பீமோட நடுப்பகுதி விழற மாதிரி சாய்ச்சு வைங்க, அப்போ ரோட்டுல 10 மீட்டர் தூரத்துல விழும்.

லைட்டை ஹேண்டில்பாருக்குக் கீழ, ஃபோர்க் தலையில (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவட்டையோட மேல் பக்கம்) மாட்டினா இன்னும் நல்லது. கீழ இருந்து அடிக்கற வெளிச்சத்துல குழியோட நிழல் நீளமா விழும், மேடு பள்ளம் எடுப்பாத் தெரியும். கண்ணுக்கு நேர் கீழேயே மின்னுற சொட்டும் குறையும். மின்னி மின்னி எரியற மோடு முன்னாடி லைட்டுக்கு வேண்டாம், ஒவ்வொரு தடவை மின்னும்போதும் சொட்டெல்லாம் அந்தரத்துல உறைஞ்சு நிக்கற மாதிரி தெரியும், தலை சுத்தும்.

மஞ்ச வெளிச்சம் மழையைத் துளைச்சுகிட்டுப் போகுமாமே?

இல்ல. மழைச் சொட்டு அரை மில்லிமீட்டர்ல இருந்து அஞ்சு வரைக்கும் இருக்கும், வெளிச்சத்தோட அலைநீளத்தை விட ஆயிரம் மடங்கு பெருசு, அவ்ளோ பெரிய சொட்டு நிறம் பார்த்து சிதறடிக்காது. கண்ணுக்கு இதமா இருக்குன்னா வச்சுக்கோங்க.

ஹெல்மெட்ல லைட் மாட்டலாமா?

காய்ஞ்ச ராத்திரில அருமை, பார்க்கற பக்கம் எல்லாம் வெளிச்சம். மழையில அணைச்சுடுங்க. கண்ணுக்கு பக்கத்துலயே எரியறதால ஒவ்வொரு சொட்டும் அந்த வெளிச்சத்தை நேரா கண்ணுக்கே திருப்பி அனுப்பும், வெள்ளை மணித்திரை தொங்கவிட்ட மாதிரி ஆகிடும். நம்ம மூச்சு கூட புகையா தெரியும்.

எதிர்ல ஹைபீம் போட்டுட்டு வர்றான், என்ன பண்றது?

திட்டிட்டு, அதைப் பார்க்காதீங்க. வெளிச்சம் பார்வையை இழுக்கும், இழுத்தா சைக்கிளும் அந்தப் பக்கமே போகும். உங்க பக்க ரோட்டோரம், வெள்ளைக் கோடு இருந்தா அதைப் பிடிச்சுகிட்டுப் போங்க, தலையைக் குனிஞ்சு தொப்பி மடலால மறைங்க. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஒரு ஹைபீம் அதை நொடியில கெடுத்துடும். வண்டி தாண்டின அப்புறம் வர்ற ரெண்டு மூணு நொடிதான் ஆபத்து, 20 கிலோமீட்டர் வேகத்துல 3 நொடின்னா 16, 17 மீட்டர் கண்ணைக் கட்டிகிட்டு ஓட்டின மாதிரி. அதனால வெளிச்சம் கிட்ட வரும்போதே மிதிக்கறதை நிறுத்திடுங்க.

ஒரு கண்ணை மூடிக்கிட்டு, வண்டி போன அப்புறம் திறக்கற தந்திரம் உண்டு, மூடின கண்ணு இருட்டுக்குப் பழகினபடியே இருக்கும். வேலை செய்யும், ஆனா ஒத்தைக் கண்ணுல தூரம் சரியா பிடிபடாது, நேர் ரோடு தவிர வேற எங்கயும் நான் பண்றதில்ல.

எவ்ளோ வேகத்துல போகலாம்?

தெரியற தூரத்துக்குள்ள நிறுத்த முடியற வேகத்துல. கணக்கு போட்டே பார்க்கலாம். 20 கிலோமீட்டர்னா நொடிக்கு அஞ்சரை மீட்டர், பார்த்து மூளைக்கு எட்டி கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடின்னு வச்சா 8 மீட்டர் போயாச்சு, ஈர ரோட்டுல வழுக்காம நிதானமா நிறுத்த இன்னும் 5, மொத்தம் 13, 14 மீட்டர். 30ல போனா அதே கணக்குல 24 மீட்டர். சக்கர வளையத்தைக் கவ்வுற ரிம் பிரேக்கா இருந்தா முதல் ரெண்டு சுத்து ரிம்முல இருக்கற தண்ணியைத் துடைக்கறதுக்கே போயிடும், சக்கரம் ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர், அதையும் சேர்த்துக்கோங்க. உங்க லைட்ல ஈர ரோடு 15 மீட்டர்தான் தெரியுதுன்னா 30ல போறது கண்ணை மூடிகிட்டுப் போறதுக்குச் சமம்.

தண்ணி தேங்கி நிக்கற இடத்துல ஆழம் எப்படி தெரியும்?

தெரியாது. எவ்ளோ நல்ல லைட்டா இருந்தாலும் தெரியாது, மேல் தண்ணி வானத்தையும் விளக்கையும்தான் காட்டும். சின்ன குட்டைதானேன்னு ஒரு தடவை நேரா விட்டேன், முன் சக்கரம் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கி, ரிம் ஒடுங்கி, நான் ஹேண்டில்பாருக்கு மேல போயிட்டேன். அன்னைல இருந்து சுத்திப் போக வழியில்லன்னா இறங்கித் தள்ளிகிட்டுப் போறேன். இரும்பு மூடி, பெயின்ட் அடிச்ச கோடு, ஈர இலை இதெல்லாம் இருட்டுல வெறும் பளபளப்பாத்தான் தெரியும், எது பளபளக்குதோ அது வழுக்கும்னு எடுத்துக்கோங்க, திருப்பாம பிரேக் பிடிக்காம நேரா தாண்டுங்க.

மழையில கண்ணு எரியுது, மழைத்தண்ணியில ஆசிடா?

உங்க வேர்வைதான். ஹெல்மெட் உள்ள இருக்கற பஞ்சுல மாசக்கணக்கா காய்ஞ்ச உப்பு, மழை அதைக் கரைச்சு கண்ணுக்குள்ள இறக்குது. பஞ்சைக் கழட்டித் துவைங்க.

வயசாக ஆக ராத்திரி மழைனாலே பயமா இருக்கு, எனக்கு மட்டுமா?

இல்ல. வயசானா கண்ணு பாப்பா இருட்டுல முன்ன மாதிரி விரியாது, கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸும் மெல்ல மெல்ல கலங்கும், கூசுனா தெளியறதுக்கு நேரமும் கூடும். முதல்ல பவரை சோதிச்சுப் பாருங்க, இருட்டுல மட்டும் கிட்டப்பார்வை கொஞ்சம் கூடறது நிறைய பேருக்கு உண்டு, ராத்திரிக்குன்னு தனிக் கண்ணாடி வேணுமான்னு கேளுங்க. விளக்கைச் சுத்தி வளையம் தெரியறது கூடிகிட்டே போனா புரையா இருக்கலாம். வளையத்தோட திடீர்னு கண்ணு வலி, தலைவலி வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்.

எந்தக் கட்டத்துல நிறுத்திடணும்?

எனக்கு ஒரு அளவு இருக்கு. முன்னாடி போற வண்டியோட சிவப்பு விளக்கு ஒண்ணா ரெண்டான்னு எண்ண முடியலன்னா ஓரங்கட்டிடுவேன். ரோட்டை விட்டு முழுசா வெளிய வந்து, பின் லைட்டை எரியவிட்டு, கூரை எதாச்சும் இருந்தா அடியில நின்னு, கண்ணாடியைத் துடைச்சு, பின் லைட்ல சேறு அப்பியிருந்தா அதையும் துடைச்சிடுவேன். பெருமழையோட உச்சம் பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிஷம்தான், அதுக்குள்ள கண்ணும் இருட்டுக்கு ஓரளவு பழகிடும்.